சம்பந்தி வீட்டுக்கு ரயிலேறிப் போன ஜீப்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் உங்களுக்கு என் மேல் வருத்தம் வரும்.

அல்மாத்தியிலிருந்து மங்கிஸ்தாவ் போகும் ரயில். நான்கு பேர் படுக்கும் அறையில் மேல் படுக்கை என்னுடையது. இரண்டரை நாள் பயணம் என்பதால், ஒரு மாலுமியின் காதல் தோல்வியை எழுதி முடித்துவிடலாம் என்று நோட்டுப் புத்தகத்தோடு ஏறியிருந்தேன். மாலுமி துறைமுகத்தில் இறங்கி நின்றான். அவ்வளவுதான். கீழே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது அவன் கதையைவிட நன்றாக இருந்ததால் அவனை அங்கேயே விட்டுவிட்டேன்.

கீழே இருந்தவர்கள் ஒராஸ்பெக்கும் அவர் மனைவி குலியாஷும். ரயிலின் கடைசியில் கார்களை ஏற்றிக்கொண்டு வரும் பெட்டி ஒன்றைக் கோத்திருந்தார்கள். அதற்குள் அவர்களுடைய பழைய பச்சை ஜீப்பும் வந்துகொண்டிருந்தது. மகள் ஐனாஷின் கல்யாணத்துக்கு மங்கிஸ்தாவுக்கு அடுத்திருக்கும் அக்தாவ் நகரத்துக்குப் போகிறார்கள்.

எழுதிக்கொள்ளலாமா என்று பிற்பாடு குலியாஷிடம் கேட்டபோது மூன்று நிபந்தனைகள் போட்டார். ஒன்று, அவருக்கு வயது ஐம்பத்தைந்து என்று எழுத வேண்டும். (ஐம்பத்தைந்து.) இரண்டு, ஜீப் எந்தக் கம்பெனி என்று சொல்லக் கூடாது. மூன்று, அவர் கணவர் எந்த இடத்திலும் அழுததாக எழுதக் கூடாது. ஒராஸ்பெக் எந்த இடத்திலும் அழவில்லை.

இனி, தொடக்கம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "பரந்த புல்வெளியின் நடுவே ஒரு நீண்ட பாம்பைப் போல அந்த ரயில்..." (ரயிலைப் பாம்பு என்று எழுதாதவர் இன்னும் பிறக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "மனிதன் ஏன் பொய் சொல்கிறான் என்பதை ஆராயப் புகும்போது, நாம் முதலில் கவனிக்க வேண்டியது..." (இதைக் கவனிக்கும் பொறுமை எனக்கே இல்லை.)

மூன்றாவது: "ஒராஸ்பெக் வாய் நிறைய ஆட்டுக்கறி இருந்தபோது அந்த வார்த்தையை விட்டார்."

இது போதும். இதிலிருந்தே போவோம்.

2

ஒராஸ்பெக் வாய் நிறைய ஆட்டுக்கறி இருந்தபோது அந்த வார்த்தையை விட்டார். போன இலையுதிர்காலம். ஐனாஷுக்குக் காதணி போட்டு நிச்சயம் செய்ய அக்தாவிலிருந்து பதினொரு பேர் விமானத்தில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜினொல்லா ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற குரல். முற்றத்தில் நின்ற ஜீப்பை ஜன்னல் வழியாகப் பார்த்து, சம்பந்தி அதில் கோழி வளர்க்கிறாரா என்று கேட்டார். கேலிக்குத்தான். சம்பந்திகள் ஒருவரையொருவர் கேலி செய்யாவிட்டால் அது என்ன சம்பந்தம். பதினொரு பேரும் சிரித்தார்கள்.

ஒராஸ்பெக் கறியை மென்று விழுங்கிவிட்டுப் பேசியிருக்கலாம். பொறுக்கவில்லை.

"கல்யாணத்துக்கு இதுலதான் வருவேன். அல்மாத்திலேருந்து அக்தாவ் வரைக்கும் நானே ஓட்டிட்டு வருவேன்."

மூவாயிரம் கிலோமீட்டர். ஜினொல்லா எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஊர் எல்லையில் நின்று வரவேற்பதாக வாக்குக் கொடுத்தார்.

விருந்தாளிகள் போன பிறகு குலியாஷ் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார், அப்படி என்ன வீறாப்பு என்று. ஒராஸ்பெக் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு அவ்வளவு தூரத்துல இருக்கப்போறா. அங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணு தெரியணும். இவ ஒரு வார்த்தை சொன்னா இவ அப்பன் வண்டியெடுத்துக்கிட்டு வந்து நிப்பான். விமானம் இல்ல, டிக்கெட் இல்லன்னு காரணம் சொல்லமாட்டான்."

குலியாஷ் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை.

பிப்ரவரியில் கண் மருத்துவர் வேறு ஒன்று சொன்னார். கண்ணுக்குள் நீரழுத்தம். இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது. வலது கண்ணைச் சொட்டு மருந்தால் பிடித்துவைக்கலாம். நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டும். நாற்பது வருடம் பால் வண்டியும் ரொட்டி வண்டியும் ஓட்டிய மனிதரிடம், மூக்குக்கண்ணாடி மாற்றச் சொல்வதைப்போலச் சாதாரணமாகச் சொன்னாராம்.

குலியாஷ் ஜீப் சாவியை எடுத்து மாவு டின்னுக்குள் போட்டார். பத்து நாள் இருவருக்கும் பேச்சில்லை. பதினோராம் நாள் ரயில் நிலையத்துக்குப் போய்வந்து மூன்று டிக்கெட்டை மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. உங்க மூத்த பிள்ளைக்கு ஒண்ணு."

மூத்த பிள்ளை என்பது ஜீப்.

ஒராஸ்பெக் டிக்கெட்டுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வலது கண் பக்கம் பிடித்துப் பார்த்தார். வண்டி கல்யாணத்துக்கு வரும் என்றுதானே சொன்னேன், அது எதில் ஏறி வரும் என்று சொல்லவில்லையே என்று ஒரு வாதம் வைத்துப் பார்த்தார். 'நானே ஓட்டிட்டு வருவேன்' என்று சொன்னதைப் பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள் என்று குலியாஷ் நினைவுபடுத்தினார். கடைசியில், யாரிடமும் சொல்லாமல் போவது, மங்கிஸ்தாவ் ரயில் நிலையத்தில் ஜீப்பை இறக்குவது, மிச்சமிருக்கும் சொற்ப தூரத்தை எப்படியாவது கடப்பது என்று முடிவானது. அந்த 'எப்படியாவது'க்குள் என்ன இருக்கிறது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கண் விஷயம் ஐனாஷுக்குக்கூடத் தெரியாது.

3

* ஒரு சிறு குறிப்பு. ஜீப்பை ரயிலில் ஏற்றியதை நான் பார்க்கவில்லை. குலியாஷ் சொன்னது. நடுவில் அவர் மனதில் என்ன ஓடியது என்று எழுதியிருப்பேன். அதில் பாதி அவர் சொன்னது, பாதி நான் போட்டது. எது எது என்று கேட்டால் எங்கள் இருவருக்குள்ளும் சண்டை வரும்.

கார்ப் பெட்டிக்கு ஏற ஒரு இரும்புச் சரிவு. இரண்டு பக்கமும் தாழ்வான கம்பி. பெட்ரோலைப் பாதிக்கு மேல் வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். நீல உடுப்புப் போட்ட ஊழியர் முன்னால் நின்று கையைக் காட்ட, அவரவர் வண்டியை அவரவர் ஓட்டி ஏற்றினார்கள். ஒராஸ்பெக்கின் முறை வந்தது. முந்தைய நாள்தான் ஜீப்பைக் கழுவி மெழுகு தேய்த்திருந்தார். குலியாஷ் அன்றைக்கு மட்டும் சாவியை மாவு தட்டிக் கொடுத்திருந்தார்.

பாதிச் சரிவில் இடது சக்கரம் கம்பியை உரசியது. ஊழியர் இன்னும் வலப்பக்கம் என்று கை காட்டினார். ஒராஸ்பெக் தலையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி உரசியது. பின்னால் நான்கு வண்டிகள் காத்திருந்தன. ஊழியர் பக்கத்தில் வந்து கதவைத் தட்டி, மரியாதையாகத்தான், நான் ஏற்றித் தரட்டுமா ஐயா என்றார்.

அந்த ஜீப்பை இருபத்தாறு வருடத்தில் வேறொருவர் ஓட்டியதில்லை. ஒராஸ்பெக் இறங்கினார். ஊழியர் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டுச் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்தார், பட்டை போட்டுக் கட்டினார், சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். சாவி வெதுவெதுப்பாக இருந்ததாம். இந்த ஒன்றை மட்டும் ஒராஸ்பெக்கே என்னிடம் சொன்னார்.

குலியாஷ் அப்போது பவுர்சாக் பொட்டலத்தை அவிழ்த்து அவர் கையில் இரண்டு வைத்தார். எண்ணெயில் பொரித்த மாவு எதையும் சரிசெய்துவிடாது. ஆனால் வாயில் ஏதாவது இருக்கும்போது மனிதர்கள் பேச வேண்டியதில்லை. (போன இலையுதிர்காலத்தில் இந்த விதி வேலை செய்யவில்லை என்பது வேறு விஷயம்.)

4

ஜினொல்லா மத்தியானமே கூப்பிட ஆரம்பித்தார். ஒராஸ்பெக் போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் சாலை தெரிவதைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, தராஸ் நெருங்கிவிட்டோம், குலியாஷ்தான் போனைக் காதில் பிடித்திருக்கிறாள் என்றார். அது என்ன சத்தம் என்று ஜினொல்லா கேட்டார். பக்கத்தில் லாரி போகிறது என்றார். பெரிய லாரியாக இருக்கும் போலிருக்கிறதே என்றார் ஜினொல்லா. ஆமாம், ரொம்பப் பெரியது, நிறைய சக்கரம் என்றார் இவர்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி உதவியாளர் கதவைத் திறந்து யாருக்கெல்லாம் டீ என்று கேட்டார்.

"யாரு சம்பந்தி அது?"

"ரோட்டோரக் கடைக்காரம்மா."

"வண்டி ஓடிக்கிட்டே இருக்கறப்பவா?"

குலியாஷ் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் மேலே தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்தேன். நடிப்பு அங்கே முடிந்தது. குலியாஷ் நிமிர்ந்து பார்த்து, இறங்கி வந்து டீ குடிங்க தம்பி, அங்கேருந்து கேட்டா பாதிதான் கேக்கும் என்றார்.

ஷிம்கெந்தில் பத்திமா ஏறினார்.

இந்த இடத்தில் நின்று ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திமாவை நீங்கள் நம்பப்போவதில்லை. நானாக இருந்தால் நம்பமாட்டேன். மூவாயிரம் கிலோமீட்டர் சாலையில் வந்ததாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருடைய அறையில், அந்தச் சாலையைப் போட்ட ஆளே வந்து உட்காருவதா? கதையில் இப்படி வந்தால் ஆசிரியர் சோம்பேறி என்று அர்த்தம். அதனால் ஒரு வரைவில் அவரைக் கணக்கு டீச்சராக மாற்றினேன். கணக்கு டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து காய்ந்த தயிர்க்கட்டியான குர்த் உருண்டையைக் கடித்துக்கொண்டே வந்தாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு வரைவில் அவரை எடுத்தே விட்டேன். அறை

(பாதியில் நிற்கும் அந்த வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். அவர் இல்லாமல் அது நகரவில்லை.)

ஆகவே பத்திமா ஏறினார். ஐம்பது வயது, அகலமான தோள், வெயிலில் கறுத்த முகம். பதினெட்டு வருடமாகச் சாலை போடும் குழுவில் வேலை, அதில் பாதி பெய்னேவ் - அக்தாவ் நெடுஞ்சாலையில். முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு மங்கிஸ்தாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறார். ஒராஸ்பெக் தன் கீழ் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டு எனக்கு எதிரே மேலே ஏறிக்கொண்டார். அவர் ஏறிய கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். இவர் மல்லாக்கப் படுத்தபடியே துர்கிஸ்தான் சாலையை வர்ணித்தார்.

பத்திமா கால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். போன் வைத்ததும் சொன்னார்.

"அண்ணே, நீங்க பொய் சொல்றதுல எனக்கு ஒண்ணுமில்ல. ரோட்டைத் தப்பாச் சொல்றீங்க."

குலியாஷ்தான் முதலில் வாயைத் திறந்தார். முழுக் கதையையும் சொன்னார், ஆட்டுக்கறியில் ஆரம்பித்து. கண்ணைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கணவருக்கு முதுகுவலி என்றார். மேலிருந்து ஒராஸ்பெக், முதுகில்லை, கண் என்றார். இரண்டு மாதத்தில் வெளியாள் முன்னால் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பத்திமா அனுதாபப்படவில்லை. வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். எந்த ஊரில் சாலை நகரத்துக்குள் போகாமல் சுற்றிப் போகிறது, எங்கே லாரிக்காரர்கள் சாப்பிட நிறுத்துவார்கள், எங்கே ஒட்டகங்கள் குறுக்கே படுத்துக்கொண்டு எழுந்திருக்காது, எல்லாம் வரிசையாகச் சொன்னார். ஒராஸ்பெக் கீழே குனிந்து கேட்டுக்கொண்டார். நடுநடுவே பரீட்சை வேறு.

"பெய்னேவ் தாண்டினதும் என்ன வரும்?"

"வெட்டவெளி."

"அது எல்லாருக்கும் தெரியும். ரோட்டுல?"

"ஒரு தூக்கல், வண்டி குதிக்கும். வலது பக்கம்."

"அதைப் பத்தி என்ன சொல்லுவீங்க?"

"எவன் போட்டானோன்னு திட்டுவேன்."

"நான்தான் போட்டேன். ரோலர் என் கையிலதான் இருந்துச்சு. திட்டுங்க, பரவாயில்ல. அதைத் திட்டாம அந்த ரோட்டுல ஒருத்தரும் வந்ததில்ல."

5

மறுநாள் காலை ஆரல். அங்கே ரயில் கொஞ்சம் நிற்கும். நடைமேடை முழுக்கப் புகைபோட்ட மீன் விற்கும் பெண்கள். ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் ஒராஸ்பெக் இறங்கி ரயிலின் கடைசிவரை நடந்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்த்துவருவதைப் போல ஜீப்பைப் பார்த்துவிட்டு வருவார். ஆரலில் குலியாஷும் கூடப் போனார், ஒரு கையில் மீன் பொட்டலத்தோடு.

கார்ப் பெட்டியின் பக்கத்தில் விரலளவு இடைவெளிகள் உண்டு. ஒராஸ்பெக் ஒன்றில் வலது கண்ணை வைத்தார். பிறகு வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இடது கண்ணை வைத்தார். மனைவி கவனிக்கிறார் என்று தெரிந்தும் மறைக்கவில்லை.

"பச்சையா தெரியுது. நம்பர் தெரியல."

குலியாஷ் குனிந்து பார்த்தார்.

"எனக்கும் தெரியல. உள்ள இருட்டா இருக்கு."

(அவருக்கு ஒவ்வொரு எண்ணும் தெளிவாகத் தெரிந்தது. இதை ஒராஸ்பெக் இதுவரை அறியமாட்டார். இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், இப்ப தெரிஞ்சா ஒண்ணும் ஆகாது என்றார் குலியாஷ்.)

திரும்பி நடக்கும்போது, முன்பே அக்தாவுக்குப் போய்விட்டிருந்த ஐனாஷ் கூப்பிட்டாள். சின்னக் குரலில் பேசினாள், பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்க வேண்டும். மாமனார் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், நாளைக்கு முப்பது பேர் பெய்னேவ் சாலைத் திருப்பத்தில் வந்து நிற்கப் போகிறார்கள், பெண்கள் மிட்டாய் வாரி இறைக்க மூட்டை கட்டிவிட்டார்கள், டோம்ப்ரா வாசிக்க ஆள்கூட ஏற்பாடாகிவிட்டது என்றாள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு அசதியா இல்லையே? நிறுத்தி நிறுத்தி வாங்க."

இல்லை என்றார். போனைப் பையில் வைத்த பிறகு நடைமேடை நடுவில் அப்படியே நின்றுவிட்டார். குலியாஷ்தான் கையைப் பிடித்து இழுத்து ரயிலேற்றினார்.

இப்போது சங்கடம் புரிகிறதா? ரயில் நிலையம் ஒரு பக்கம். முப்பது பேர் நிற்கும் திருப்பம் இன்னொரு பக்கம், நெடுஞ்சாலையில். நிலையத்திலிருந்து நேராகப் போனால் அவர்களுக்குப் பின்பக்கத்தில் போய்ச் சேருவார்கள். யாருக்கும் தெரியாமல் நெடுஞ்சாலைக்குப் போய், கொஞ்ச தூரம் பின்னால் சென்று, திரும்பி, பாலைவனத்திலிருந்து வருவதைப் போல வர வேண்டும்.

பத்திமா என் நோட்டுப் புத்தகத்தை வாங்கினார். மாலுமி நின்றிருந்த பக்கம்தான் கைக்கு வந்தது. துறைமுகத்தின் மேல் நெடுஞ்சாலை போட்டார். நிலையத்தின் பின்னாலிருந்து ஒரு மண்பாதை, அவர்கள் தார் கொண்டுபோகப் பயன்படுத்தியது, பன்னிரண்டு கிலோமீட்டர்.

யார் ஓட்டுவது?

பகல்தானே, பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, நான் ஓட்டுவேன் என்றார் ஒராஸ்பெக். முடியாது என்றார் குலியாஷ். பத்திமா தான் ரோலர் மட்டுமே ஓட்டியிருப்பதாகவும், அதே வேகத்தில் போனால் கல்யாணம் முடிந்துவிடும் என்றும் சொன்னார். என்னைப் பார்த்தார்கள். எனக்கு சைக்கிளே சரியாக வராது.

ஒராஸ்பெக் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஷல்கார் நிலையம் வரைக்கும் திரும்பவில்லை.

6

மங்கிஸ்தாவில் இறங்கியபோது சாயங்கால வெயில். மற்ற வண்டிகள் எல்லாம் இறங்கிப் போன பிறகு பச்சை ஜீப்பை ஊழியர்கள் இறக்கினார்கள். மெழுகு பளபளத்தது. மூவாயிரம் கிலோமீட்டர் ஓடி வந்த வண்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருந்தது. எங்கள் நால்வரில் ஒருவரும் இதை யோசித்திருக்கவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. தண்டவாளங்களைக் குறுக்கே தாண்டி, தன் வீட்டுக் கொல்லையில் நடப்பதைப் போல, ஆறடிக்கு மேல் ஒரு ஆள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

ஜினொல்லா.

இங்கே வாசகரிடம் ஒரு மன்னிப்பு. இரண்டாம் பகுதியிலேயே நான் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சாமர்த்தியமாக மறைத்தேன் என்று பெருமை அடிக்க ஆசைதான். உண்மையில் அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது. குலியாஷுக்குத் தெரியும், ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசிக்கவில்லை. ஒராஸ்பெக் நிச்சயத்தன்று கேலிக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் காதிலேயே வாங்கவில்லை. ஜினொல்லா முப்பத்தோரு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர்.

அவர் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார்.

"ரயில் சத்தத்தை எங்கிட்டயே லாரின்னு சொல்றீங்களே சம்பந்தி. தராஸுக்கு முன்னாடி பாலத்து மேல போறப்ப கூப்பிட்டேன். அந்தப் பாலம் என்ன சொல்லும்னு தூக்கத்துல கேட்டாலும் எனக்குத் தெரியும்."

அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டீங்க என்றார் குலியாஷ். நீங்கள் எதுவரைக்கும் போவீர்கள் என்று பார்க்கத்தான் என்றார் ஜினொல்லா. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, முப்பது பேர் அங்கே நிற்கிறார்கள், காரணம் தெரிந்தால் போதும் என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

ஒராஸ்பெக் கண் விஷயத்தைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்துகிற ஆள் இல்லை என்பதுதான் உங்களுக்கு இதற்குள் தெரியுமே.

"எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா அவ அப்பன் வண்டியெடுத்துக்கிட்டு வருவான்னு உங்க வீட்ல தெரியணும். அதுக்காகத்தான் சொன்னேன் அன்னிக்கு. இப்ப அந்த அப்பனால வர முடியாது. அதை நாளைக்கே எல்லாரும் தெரிஞ்சுக்க வேணாமேன்னு பாத்தேன்."

ஜினொல்லாவின் சிரிப்பு போய்விட்டது.

"எங்க வீட்ல அவளுக்கு என்ன ஆயிடும்னு நெனச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஒராஸ்பெக் அழகாகப் பேசினார். அங்கே நின்ற ஒராஸ்பெக் தலையைக் குனிந்து, சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பத்திமா தன் முழங்காலைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கல்யாணத்துக்கு முதல் நாள், ஒரு ரயில் நிலையத்தின் பின்புறத்தில், ஒரு சம்பந்தம் முறிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம்தான் இருந்தது.

குலியாஷ் குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்கும் ஒரு பொண்ணு ஒஸ்கெமென்ல இருக்கான்னு சொன்னீங்க. கட்டிக்குடுத்த அன்னிக்கு உங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணும் தோணலையா அண்ணே?"

ஒஸ்கெமென் நாட்டின் கிழக்குக் கோடி. அக்தாவ் மேற்குக் கோடி. ஜினொல்லா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, ஏழு வருஷமாச்சு என்றார். முதல் வருடம் அவள் சின்னக் குரலில்தான் பேசுவாளாம். என்னம்மா என்றால் ஒன்றுமில்லை என்பாளாம். அவர் லீவு கிடைக்கட்டும், கிடைக்கட்டும் என்று இருந்தாராம். எத்தனையோ பேருடைய அப்பாக்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தேன், நான் ஒருமுறை போய் நிற்கவில்லை என்றார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள் என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

பிறகு குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினார். முன்கண்ணாடியைப் பார்த்து வீசினார்.

ஒராஸ்பெக் பதறிப்போனார். ஜினொல்லா இன்னொரு கை அள்ளினார்.

"வண்டியை இவ்வளவு சுத்தமா வெச்சுக்கிட்டு எவன்யா பெய்னேவ்லேருந்து வருவான்?"

பத்திமாவுக்கு இது பழகிய வேலை. அவர் மண் அள்ளி வீசினால் பரவலாக, ஒரே சீராக விழுந்தது. குலியாஷ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரங்களுக்கு மேல் தெளித்து மண் ஒட்ட வழிசெய்தார். ஒராஸ்பெக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், தன் மூத்த பிள்ளையை நாலு பேர் சேர்ந்து அடிப்பதைப் போல. அப்புறம் அவரும் குனிந்தார். நானும் ஒரு கைப்பிடி போட்டேன்; இந்தக் கதையில் நான் செய்த ஒரே வேலை அதுதான்.

7

இனி முடிவு.

ஜீப்பின் பின்பக்கம் முழுக்கக் கம்பளங்களும் சீர் மூட்டைகளும். ஜினொல்லா பத்திமாவைக் கல்யாணத்துக்கு வரச் சொல்லிவிட்டார். ஆக நான்கு பேர், ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. நான் நகரப் பேருந்துக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது குலியாஷ் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். வெளியே இரண்டு சம்பந்திகளும் சாவியை ஒருவர் கையில் ஒருவர் திணித்துக்கொண்டிருந்தார்கள். நீங்க ஓட்டுங்க, இல்ல நீங்க, வண்டி உங்களுது, ஊர் உங்களுது. குலியாஷ் ஜன்னலை இறக்கி, முப்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள், யாராவது ஏறித் தொலையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யார் ஓட்டினார்கள்?

ஒரு முடிவில் மண்பாதை முழுக்க ஜினொல்லா ஓட்டுகிறார். திருப்பம் கண்ணில் படும் இடத்தில் நிறுத்தி, இறங்கி, மாறி உட்காருகிறார்கள். கடைசி அரை கிலோமீட்டர், வலது கண்ணோடு, ஒராஸ்பெக். ஜினொல்லா பக்கத்தில் உட்கார்ந்து, எஞ்சினில் உதவியாளருக்குச் சொல்வதைப் போல இடது பக்கத்தை மட்டும் சொல்லிக்கொண்டே வருகிறார்.

இன்னொரு முடிவில் ஒராஸ்பெக் சாவியை வாங்கவே இல்லை. முப்பது பேர் முன்னால் ஓட்டுபவர் பக்கக் கதவிலிருந்து இறங்குவது ஜினொல்லா. ஒராஸ்பெக் மறுபக்கம் இறங்கி, நடந்ததைச் சொல்லிவிடுகிறார். மிட்டாய் எப்படியும் வீசப்படுகிறது, மூட்டை கட்டியாகிவிட்டதே.

மூன்றாவதில் பத்திமா ஓட்டுகிறார். எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே இது நடந்திருக்காது.

குலியாஷுக்குப் போன் செய்து கேட்டேன். கல்யாணம் நன்றாக நடந்தது என்றார். சொட்டு மருந்தில் வலது கண் அப்படியே நிற்கிறது என்றார். ஜினொல்லா போன மாதம் ஒஸ்கெமெனுக்கு ரயிலேறிவிட்டாராம், டிக்கெட் எடுத்து, பயணியாக. கல்யாணம் முடிந்து திரும்பி வரும்போது தாங்கள் இரண்டு டிக்கெட்தான் எடுத்ததாகச் சொன்னார். ஜீப் அக்தாவிலேயே இருக்கிறது. அதன் சாவி ஐனாஷிடம். எப்பவாவது வரணும்னு தோணிச்சுன்னா யாரையும் கூப்பிட வேணாம், நீயே கெளம்பி வா என்று ஒராஸ்பெக் கொடுத்துவிட்டு வந்தாராம். அவள் இப்போது நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகுகிறாள். பத்திமா போட்ட தூக்கலைத் திட்டுகிறாள்.

அதெல்லாம் சரி, அன்றைக்கு யார் ஓட்டியது என்றேன்.

"எழுத்தாளர் நீங்களா நானா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே நான் என் கண்ணால் பார்த்ததை மட்டும் தருகிறேன். என் பேருந்து நெடுஞ்சாலையோரம் ஆள் ஏற்ற நின்றிருந்தது. எதிரே, பாலைவனத்துப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. பச்சை என்று சொல்ல முடியாத அளவுக்கு மண். மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. சாய்ந்த வெயில் முன்கண்ணாடியில் நேராக அடித்ததில் உள்ளே நான்கு தலைகள் தெரிந்தன, முகம் ஒன்றும் தெரியவில்லை. எங்களைக் கடக்கும்போது ஓட்டுபவரின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து அசைந்தது. நானும் கையை அசைத்தேன்.

நான் பார்த்தது அவ்வளவுதான். இப்போது நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அது யார் கை?